குளோபல் ஸ்டடீஸ் மைனர்: கணினி மாணவி எடுக்கலாமா?

குமிழி

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் கணினியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த செமஸ்டர் பதிவுக்கு முன் மைனர் (மேஜரோடு சேர்த்துப் படிக்கும் துணைப் பாடப்பிரிவு) எதுவென்று முடிவு செய்ய வேண்டும். எனக்குக் குளோபல் ஸ்டடீஸ் மேல் ஒரு கண். மொத்தம் ஐந்து பாடம், இருபது யூனிட். முதலில் உலகப் பிரச்சினைகள் பற்றி ஓர் அறிமுகப் பாடம் கட்டாயம். அப்புறம் உலகப் பொருளாதார அரசியல், ஐநா மாதிரி அமைப்புகள், இடம்பெயர்வு, சுற்றுச்சூழல் என்று பட்டியலிலிருந்து பொறுக்கிக்கொள்ளலாம்.

அப்பா, "பேப்பர் படிச்சாத் தெரியிற விஷயத்துக்கு எதுக்கு அஞ்சு பாடம்?" என்கிறார். தோழிகள் எல்லாரும் புள்ளியியல் பக்கம் போகிறார்கள். என் கேள்விகள்: உள்ளே உண்மையில் என்னதான் சொல்லித்தருகிறார்கள்? அரசியல் அறிவியல் மைனருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கட்டுரை எழுதிப் பழக்கமே இல்லாதவள் தாக்குப்பிடிக்க முடியுமா? தொடக்கக் கல்லூரியில் ஜிபி (ஜெனரல் பேப்பர்) என்ற கட்டுரைத் தாளோடு சரி. அதற்குப் பிறகு நான் எழுதிய நீளமான வாக்கியமெல்லாம் புரோகிராம் கோடுக்கு நடுவே போடும் கமெண்ட்தான்.

கறார்கந்தன்

மென்பொருள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் குழுவில் இருக்கிறேன். மைனரைப் பார்த்து யாரையும் எடுத்ததும் இல்லை, கழித்ததும் இல்லை. டிரான்ஸ்கிரிப்டில் அது ஒரு வரி, அவ்வளவுதான். புள்ளியியல் எடும்மா. உலக விஷயமெல்லாம் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிறது.

துறைமுகத்தான்

கந்தன் சொன்ன யூடியூபிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் சரக்கு அனுப்பும் தொழிலில் இருப்பவன்.

2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்ட காணொளியை எல்லாரும் பார்த்தோம். 400 மீட்டர் கப்பல், அதன் மூக்கடியில் ஒரு குட்டி மண்வாரி, ஊரெல்லாம் மீம். ஆறு நாளில் கப்பல் நகர்ந்தது, எல்லாரும் மறந்துவிட்டார்கள். எங்களுக்கு வேலையே அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

கப்பலின் சொந்தக்காரர் ஜப்பான் நிறுவனம். வாடகைக்கு எடுத்து ஓட்டியது தைவானின் எவர்கிரீன். கொடி பனாமாவுடையது. பராமரிப்பு நிர்வாகம் ஜெர்மன் கம்பெனி. பொறுப்புக் காப்பீடு லண்டன். மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்தைத் தொட்டுவிட்டு ராட்டர்டாம் போய்க்கொண்டிருந்தது. சிக்கியது எகிப்தில். கால்வாய் ஆணையம் முதலில் கேட்ட இழப்பீடு 91.6 கோடி டாலர். பேரம் முடிந்து கப்பலை வெளியே விட்டது ஜூலை 7ஆம் தேதி. அதுவரை உள்ளே இருந்த பதினெட்டாயிரத்துச் சொச்சம் கன்டெய்னர் பெட்டிகளும் கப்பலோடு சேர்ந்து சிறைதான்.

இதில் சரக்குக்காரனுக்கு வந்ததுதான் பெரிய அதிர்ச்சி. கப்பல் உரிமையாளர் 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவித்துவிட்டார். கப்பலைக் காப்பாற்றிய செலவை அதில் சரக்கு ஏற்றியிருந்த எல்லாரும் பங்குபோட்டுக் கட்ட வேண்டும் என்பது மிகப் பழைய கடல் வழக்கம். சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங் என்று ஒரு தாள் உண்டு. முன்பக்கத்தில் அனுப்புபவர், பெறுபவர், ஏறும் துறைமுகம், இறங்கும் துறைமுகம், பெட்டி எண், முத்திரை எண். எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். பின்பக்கம் எறும்பு எழுத்தில் எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம், ஜெனரல் ஆவரேஜ் எந்த விதிப்படி என்று இருக்கும். "சார், நான் ஒரு தப்பும் பண்ணலையே, எகிப்தில் மாட்டுன கப்பலுக்கு நான் ஏன் டெபாசிட் கட்டணும்?" என்று கேட்ட வாடிக்கையாளரிடம் அந்தப் பின்பக்கத்தைத்தான் திருப்பிக் காட்டினோம்.

யூடியூப் கப்பலைக் காட்டும். அந்தத் தாளின் பின்பக்கம் எப்படி வந்தது, யார் எழுதினார்கள், பனாமாக் கொடி கட்டினால் யாருக்கு என்ன லாபம் என்பதை உட்கார்ந்து படித்தால்தான் உண்டு. நல்ல குளோபல் ஸ்டடீஸ் வகுப்பு அதைத்தான் செய்யும் தங்கச்சி. கெட்ட வகுப்பு மீமைக் காட்டி 'உலகம் சுருங்கிவிட்டது' என்று முடித்துவிடும்.

குமிழி

அண்ணா, இதை அப்பாவிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். "அவர் டெபாசிட் கட்டினாரா?" என்றுதான் கேட்டார்.

துறைமுகத்தான்

கட்டாமல் சரக்கை எடுக்க முடியாது. இன்சூரன்ஸ் போட்டிருந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி உத்தரவாதம் கொடுத்தது. போடாதவர்கள் பாடு திண்டாட்டம்.

வெயில்நகரம்

நான் அமெரிக்காவில் பொருளியல் மேஜர், குளோபல் ஸ்டடீஸ் மைனர். அரசியல் அறிவியல் வித்தியாசம் கேட்டீர்களே, அதற்கு வருகிறேன்.

அரசியல் அறிவியலில், குறிப்பாகச் சர்வதேச உறவுகள் பிரிவில், கதை பெரும்பாலும் அரசிலிருந்து தொடங்கும். இந்த நாடு என்ன விரும்புகிறது, அந்த நாடு என்ன செய்யும், போர் ஏன் வருகிறது. குளோபல் ஸ்டடீஸில் எல்லை தாண்டிப் போகும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போவார்கள். பணம், நோய், புகை, தொழிலாளி, டேட்டா. போகும் வழியில் அரசும் வரும், கம்பெனியும் வரும், தொண்டு நிறுவனமும் வரும், கடத்தல்காரனும் வருவான். இமானுவேல் வாலர்ஸ்டைன் 1974இலேயே, ஒவ்வொரு நாட்டையும் தனித்தனியாக ஆராயாமல் உலகப் பொருளாதாரம் முழுவதையும் ஒரே அமைப்பாக எடுத்து ஆராய வேண்டும் என்று எழுதிவிட்டார். ஆனால் தனித் துறையாகப் பெயர்ப்பலகை மாட்டியது பனிப்போர் முடிந்து 1990களில்தான்.

அதில் ஒரு கோளாறு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறைக்கென்று சொந்தமாக ஒரு முறை கிடையாது. பொருளியலுக்கு மாடல் இருக்கிறது, வரலாற்றுக்கு ஆவணக் காப்பகம் இருக்கிறது, மானுடவியலுக்குக் களப்பணி இருக்கிறது. இங்கே பாடம் எடுப்பவர்களே வரலாறு, சமூகவியல், புவியியல் என்று பல வீடுகளிலிருந்து வந்தவர்கள்; அவரவர் கொண்டுவந்ததைச் சமைப்பார்கள். அதனால் இதை மேஜராக எடுப்பதா என்று கேட்டிருந்தால் நானும் கந்தன் பக்கம்தான் நின்றிருப்பேன். மைனர் என்றால் கதை வேறு. உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு தொழில் இருக்கிறது.

இன்னொன்று. ஐந்து பாடத்தையும் 'பிரச்சினைகள்' வகையாகவே எடுத்துவிடாதீர்கள். மூன்றாம் வாரம் வறுமை, நான்காம் வாரம் பருவநிலை, ஐந்தாம் வாரம் பயங்கரவாதம் என்று ஓடும். கடைசியில் எல்லாவற்றிலும் கொஞ்சம் வருத்தப்படத் தெரியும், வேறொன்றும் தெரியாது.

பனங்காய்

வெயில்நகரம் சொன்ன 'கையில் தொழில்' பற்றி என் அனுபவம். நான் கனடாவில் கணக்கியல் படித்தேன், மைனர் இதேதான். ஊர் யாழ்ப்பாணம்.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியது. அந்த நாட்களில் வீட்டுக்குக் கோல் எடுத்தால் பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, பால்மா இல்லை என்பதுதான் கதை. அடுத்த வருடம் வகுப்பில் இதையே ஒரு பேச்சுவார்த்தைப் பயிற்சியாக வைத்தார்கள். ஒருவர் இலங்கை நிதியமைச்சு, ஒருவர் ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்), ஒருவர் இந்தியா, ஒருவர் ஜப்பான், இரண்டு பேர் சர்வதேசப் பத்திரக்காரர்கள் (அரசின் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருப்பவர்கள்). யாழ்ப்பாணத்துப் பெட்டைக்குக் கிடைத்த பாத்திரம் சீன எக்சிம் (ஏற்றுமதி இறக்குமதி) வங்கி! என் குறிப்புத் தாளில் இருந்த சாரம் இதுதான்: அசலை வெட்டச் சம்மதிக்காதே, தவணையை நீட்ட மட்டும் சம்மதி. மற்றவர்களுக்கு இருந்த உத்தரவு: எல்லாக் கடன்காரருக்கும் சமமான இழப்பு இருக்க வேண்டும்.

இரண்டு மணித்தியாலம் எல்லாரும் நீதி, இறைமை, காலனித்துவம் என்று நன்றாகக் கதைத்தார்கள். பிறகு நான் லாப்டாப்பைத் திறந்தேன். பத்து வருடத்தில் வர வேண்டிய நூறு டாலரை இருபது வருடத்துக்குத் தள்ளினால் இன்றைய பெறுமதியில் அது எவ்வளவு? எந்தத் தள்ளுபடி வீதத்தில் (பிறகு வரும் பணத்தை இன்றைய பெறுமதிக்குக் குறைக்கிற வீதம்) கணக்குப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து, 'நீட்டுவது' ஒரு கையால் பெரிய வெட்டாகவும் தெரியும், மறுகையால் ஒன்றுமே இல்லாததாகவும் தெரியும். சண்டை அந்த ஒரு எண்ணில்தான் இருந்தது. மேசையில் இருந்த எவருக்கும் அது பிடிபடவில்லை.

உண்மையில் நடந்ததும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஐஎம்எஃப் 2023 மார்ச்சில் சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் தலைமை தாங்கிய கடன்காரர் குழுவில் சீனா சேரவில்லை, தனியாகப் பேசியது. அரசுகளோடு உடன்பாடு 2024 ஜூனில். பத்திரக்காரரோடு முடித்தது அந்த வருடம் டிசம்பரில்.

கறார்கந்தன்

அருமையான கதை. ஆனால் நீங்கள் ஜெயித்தது கணக்கியலால்தானே? மைனரால் இல்லையே? நான் சொன்னதைத்தான் நீங்களும் நிரூபித்திருக்கிறீர்கள்.

பனங்காய்

அரைவாசி சரி. கணக்குப் போட எனக்குத் தெரியும். ஆனால் சீனாவின் கடனில் எதை அரசுக் கடன் என்று எழுதுவது, எதை வணிகக் கடன் என்று எழுதுவது? எக்சிம் வங்கி அரசுக் கடன்காரர். சீன அபிவிருத்தி வங்கியும் அரசுக்குச் சொந்தமானதுதான், ஆனால் அது வணிகக் கடன்காரர் வரிசைக்குப் போனது. எந்த வரிசையில் நிற்கிறாயோ அந்தப் பேரம்தான் உனக்கு. இது எந்தக் கணக்கியல் பாடத்திலும் வரவில்லை, வராது.

ஐஎம்எஃப் வாக்குகளையும் அங்கேதான் படித்தேன். மிக முக்கியமான தீர்மானங்களுக்கு 85 வீதம் வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் 16 வீதத்துக்கு மேல். மீதியைக் கழித்துப் பாருங்கள் கந்தன் அண்ணை.

குமிழி

அக்கா, நான் கணக்கியல் இல்லை, கோடு எழுதுகிறவள். என்னுடைய 'லாப்டாப்பைத் திறக்கும்' இடம் எது? தேடிப் பார்த்தால் 'தொழில்நுட்பமும் உலகமயமாக்கலும்' என்று ஒரு பாடம் கண்ணில் படுகிறது. தலைப்பைப் பார்த்தால் தூக்கம் வருகிறது.

வெயில்நகரம்

தலைப்பை விடுங்கள். எனக்குத் தெரிந்து கணினி மாணவர்களுக்கு இரண்டு நல்ல தீனி இருக்கிறது.

ஒன்று மேக்ஸ் ஷ்ரெம்ஸ். ஆஸ்திரியாவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர். அமெரிக்க உளவுத்துறை இணையத்தை ஒட்டுக்கேட்பதை ஸ்னோடன் அம்பலப்படுத்திய 2013இல், ஃபேஸ்புக் தன் தகவலை அமெரிக்காவுக்கு அனுப்பக் கூடாது என்று அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் புகார் கொடுத்தார். அந்த ஒரு புகார் நீண்டுபோய், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே தகவல் அனுப்ப இருந்த சேஃப் ஹார்பர் ஏற்பாட்டை 2015இல் ஐரோப்பிய நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்து வந்த பிரைவசி ஷீல்டையும் 2020இல் ரத்து செய்தது. எந்த டேட்டாவை எந்த நாட்டு சர்வரில் வைக்கலாம் என்று இன்று டெவலப்பர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதில் இந்த வழக்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஏன் அயர்லாந்தில் புகார்? ஏனென்றால் ஃபேஸ்புக்கின் ஐரோப்பியத் தலைமையகம் டப்ளினில். அது ஏன் டப்ளினில்? அங்கே வரி குறைவு. பாருங்கள், டேட்டாவில் தொடங்கினால் வரியில் வந்து நிற்கிறோம்.

இரண்டு சில்லு. அதிநுண் சில்லுகளின் கோலத்தைப் புறஊதா ஒளியால் பதிக்கும் ஈயுவி இயந்திரத்தை உலகத்திலேயே ஒரே நிறுவனம்தான் தயாரிக்கிறது: நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல். அதற்கான கண்ணாடிகள் ஜெர்மனியின் சைஸிலிருந்து, லேசர் ஜெர்மனியின் ட்ரம்ஃபிலிருந்து. 2022 அக்டோபர் 7ஆம் தேதி அமெரிக்கா கொண்டுவந்த ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்ன சொல்கிறதென்றால், அமெரிக்கத் தொழில்நுட்பம் உள்ளே இருந்தால் வெளிநாட்டில் செய்த பொருளுக்கும் சில வேளைகளில் எங்கள் விதி பொருந்தும் என்று. வேறொரு நாட்டுத் தொழிற்சாலையில் நடப்பதை வாஷிங்டன் எப்படிக் கட்டுப்படுத்துகிறது? இதற்கு விடை எழுதக் கணினியும் தெரிய வேண்டும், அரசியலும் தெரிய வேண்டும். வகுப்பில் அந்த இரண்டும் தெரிந்த ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

கறார்கந்தன்

சில்லு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் ஜிபியு சில்லு வாங்கியபோது அதை யார் பயன்படுத்துவார்கள், எந்த நாட்டில், எதற்கு என்று பக்கம் பக்கமாகப் படிவம் வந்தது. ஆனால் நிரப்பியது சட்டப் பிரிவு, கோடர் இல்லை. வேலைக்குச் சேரும் முதல் ஐந்து வருடத்தில் இதை யாரும் உன்னிடம் கேட்க மாட்டார்கள் குமிழி. புள்ளியியலை முதல் நாளே கேட்பார்கள்.

மட்டுறுத்துநர்

சீனா, அமெரிக்கா யார் நல்லவர் என்று தொடங்கிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்கு வேறு இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளவும்.

இரண்டுபிள்ளைஅம்மா

என் மூத்தவன் இந்த மைனர் முடித்தான். பெற்றோர் தரப்பிலிருந்து நடைமுறை விஷயம் சொல்கிறேன். விருப்பப் பாடத்துக்கு ஒதுக்கிய இடங்களுக்குள்ளேயே ஐந்தையும் அடக்கினான், அதனால் ஒரு செமஸ்டர் கூடவில்லை, கட்டணமும் கூடவில்லை. அப்படி அடங்காவிட்டால் நான் விட்டிருக்க மாட்டேன், உண்மையைச் சொல்கிறேன். குழு வேலைதான் கொடுமை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் ஐந்து பிள்ளைகள், ஒரு ஸ்லைடு, ஐந்து கருத்து.

நல்லது என்றால் மொழி. மேஜர் எடுப்பவர்களுக்குத்தான் மொழி கட்டாயம் என்றார்கள், இவன் தானாகவே பஹாசா இந்தோனேசியா எடுத்தான். வேலைப்பயிற்சிக்கு ஜகார்த்தா அனுப்ப ஆள் தேடியபோது இவன் பெயர்தான் முதலில் வந்தது. மைனரைப் பார்த்துக் கூப்பிட்டார்களா, மொழியைப் பார்த்தா என்று கேட்டால் மொழி என்றுதான் சொல்வேன்.

துறைமுகத்தான்

அம்மா சொன்னது சரி. இந்தோனேசிய மொழி என்றதும் ஞாபகம் வருகிறது, குமிழிக்குக் கட்டுரைத் தலைப்பு ஒன்று. புகைமூட்டம்.

2013 ஜூன் 21 இங்கே சிங்கப்பூரில் இருந்தவர்களுக்கு மறக்காது. காற்றுத் தரக் குறியீடு 401. முகக்கவசம் கடையில் இல்லை, எதிர் பிளாக் கண்ணுக்குத் தெரியவில்லை. எரிந்தது சுமத்ராவில், மூச்சுத் திணறியது இங்கே. ஆசியான் நாடுகள் 2002இலேயே எல்லை தாண்டிய புகைமூட்ட உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டாயிற்று. காடு எரியும் நாடான இந்தோனேசியா அதை உறுதிசெய்தது 2014இல், பத்து நாட்டில் கடைசியாக. அதே 2014இல் சிங்கப்பூர் ஒரு சட்டம் போட்டது: வெளிநாட்டில் தீ வைத்து இங்கே புகை வரக் காரணமான நிறுவனத்துக்கு நாளுக்கு ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், உச்சம் இருபது லட்சம்.

இப்போது யோசி. அடுத்த நாட்டில் எரியும் தோட்டத்தின் முதலாளியை இங்கே கூண்டில் ஏற்ற என்ன சாட்சி வேண்டும்? எந்த நாளில் எந்தத் தோட்டம் எரிந்தது என்று செயற்கைக்கோள் தீப்புள்ளி சொல்லும். அந்த நிலம் யாருடையது என்று சொல்ல உரிம வரைபடம் வேண்டும், அதை வாங்குவது இந்தோனேசியாவில் குதிரைக்கொம்பு. தீப்புள்ளி டேட்டாவை நாசா இலவசமாகவே தருகிறது. நீ கோடு எழுதுகிறவள். மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

சிங்கப்பூர்க்காரி என்பதால் கடல் சட்டத்தையும் விட்டுவிடாதே. 1982 ஐநா கடல் சட்ட உடன்பாட்டை முடித்துவைத்த மாநாட்டுக்குத் தலைவர் நம்ம டாமி கோ. 2023இல் ஆழ்கடல் உடன்பாட்டுப் பேச்சுக்குத் தலைமை தாங்கிய ரீனா லீயும் சிங்கப்பூரர்தான். இத்தனூண்டு நாடு ஏன் இந்த நாற்காலிகளைத் தேடிப்போய் உட்காருகிறது என்பதே ஒரு செமஸ்டருக்குத் தாங்கும்.

குமிழி

புகைமூட்டத் தலைப்பைத் திருடிக்கொள்கிறேன் அண்ணா. இப்போது என் மூன்றாவது கேள்வி: எழுத்து. வாசிப்புப் பட்டியலைப் பார்த்தேன், வாரத்துக்கு அறுபது எழுபது பக்கம். பயமாக இருக்கிறது.

பனங்காய்

எல்லாவற்றையும் வரிக்கு வரி வாசிக்கிறவர் எவரும் இல்லை. ஒரு கட்டுரையில் முதல் இரண்டு பக்கம், கடைசி இரண்டு பக்கம் வாசி. ஆசிரியர் யாரோடு சண்டை பிடிக்கிறார் என்று கண்டுபிடி. நடுவில் அந்தச் சண்டைக்குத் தேவையான இடத்தை மட்டும் தோண்டு. புள்ளி போடுகிறவர்கள் பார்ப்பதும் அதைத்தான்: இந்தப் பிள்ளை ஒரு நிலைப்பாடு எடுத்ததா, அதற்கு எதிரான வாதத்தை ஒளிக்காமல் எடுத்துப் பதில் சொன்னதா. அலங்கார ஆங்கிலம் வேண்டாம். மூலத்தைக் காட்டு. ஐஎம்எஃப்பின் நாட்டறிக்கை, ஒப்பந்தத்தின் வாசகம், நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் இணையத்தில் சும்மா கிடக்கிறது. 'அறிஞர்கள் கருதுகிறார்கள்' என்று எழுதுகிற பத்துப் பேருக்கு நடுவில், ஒப்பந்தத்தின் பிரிவு எண்ணைப் போட்டு எழுதுகிறவளைத் தனியாகத் தெரியும்.

கோடு எழுதுகிறவர்களுக்கு இது உண்மையில் கஷ்டமாக இராது. நிபந்தனை வாசித்துப் பழகின கண் அது. ஒப்பந்தமும் நிபந்தனைகள்தான், என்ன, வேண்டுமென்றே ஓட்டை வைத்து எழுதியிருப்பார்கள்.

வெயில்நகரம்

ஆய்வுமுறை பற்றிய பாடம் பட்டியலில் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். எல்லாரும் கடைசிவரை தள்ளிப்போடுவார்கள், சலிப்பான பாடம்தான். ஆனால் துறைக்குச் சொந்த முறை இல்லை என்று மேலே சொன்னேனே, அந்தக் குறையைக் கொஞ்சமாவது அடைப்பது அதுதான்.

பிறகு முதுகலை ஆசை வந்தால் ஒரு தகவல். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகம் 2002 முதல் ஒரு குளோபல் ஸ்டடீஸ் முதுகலை நடத்துகிறது. ஒரே படிப்பை மூன்று கண்டங்களில் படிக்க வைப்பார்கள். டெல்லி ஜேஎன்யுவும் அதில் கூட்டாளியாக இருந்திருக்கிறது. இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம், காதில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குமிழி

எல்லாருக்கும் நன்றி. வரும் செமஸ்டரில் அறிமுகப் பாடம் ஒன்றை மட்டும் எடுக்கிறேன், கூடவே ஒரு புள்ளியியல் பாடமும் (கந்தன் அண்ணன் நிம்மதியாகத் தூங்கட்டும்). அறிமுகம் பிடித்தால் சுற்றுச்சூழல், தொழில்நுட்பம், ஆய்வுமுறை என்று ஒரே கோட்டில் போகிறேன். ஐந்தாவது இடம் காலி. பிடிக்காவிட்டால் எஸ்யு (மதிப்பெண் கணக்கில் சேராமல் தேர்ச்சி மட்டும் காட்டுவது) போட்டுவிட்டு ஓடிவிடலாம்தானே?

கறார்கந்தன்

மைனருக்குக் கணக்காகும் பாடத்தில் எஸ்யு போட்டால் அது மைனருக்குச் செல்லுமா என்று துறை அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வை. வாயால் சொன்னதை நம்பாதே. ஐந்தாவது இடத்துக்கு நான் ஒன்று சொல்கிறேன்: உலகப் பொருளாதார அரசியல். பனங்காய் சொன்ன வாக்குக் கணக்கைக் கழித்துப் பார்த்தேன். ஒரு நாடு மட்டும் தலையாட்டாவிட்டால் மற்ற எல்லாரும் சேர்ந்தும் 85 வரவில்லை.